பணம் வந்து சேர்ந்ததா?

அன்புள்ள ஐயா,

சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஸ்டெய்ன்ஹாஃப் என்ற நம் தென்னாப்பிரிக்க மரச்சாமான் வியாபார நிறுவனம் சரிந்தபோது அரசு ஊழியர்களின் பென்ஷன் நிதியும் அடிவாங்கியது என்று படித்தேன். எப்படி என்று எனக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை. பெருநிதி உலகத்தைப் பற்றி விறுவிறுப்பான புத்தகங்கள் இருக்கின்றனவாமே. கணக்கியல் தெரியாதவள் எதில் தொடங்கலாம்?

ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்வியிலேயே தொடங்குங்கள். ராப் ரோஸ் என்ற நம் நாட்டுப் பத்திரிகையாளர் 2018-இல் எழுதிய 'ஸ்டெய்ன்ஹைஸ்ட்' அதைப் பற்றியதுதான். 2017 டிசம்பர் 5 அன்று தலைமை நிர்வாகி மார்கஸ் யூஸ்ட பதவி விலகினார். தணிக்கையாளர்கள் கணக்கில் கையெழுத்திட மறுத்திருந்தார்கள். சில வாரங்களில் பங்கின் விலையில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கூடவே, 2019 மார்ச்சில் வெளியான விசாரணை அறிக்கையின் சுருக்கத்தையும் படியுங்கள். சில பக்கங்கள்தான். வெளியார் போலத் தோன்றிய, உண்மையில் உள்ளுக்குள் தொடர்புடைய நிறுவனங்களிடமிருந்து லாபம் வந்ததாக எழுதினார்கள். பணம் வரவில்லை. வராத பாக்கியை மறைக்க அதையே வேறொரு சொத்தாகப் பெயர் மாற்றி எழுதினார்கள். 2009 முதல் 2017 வரை இப்படிச் சேர்ந்தது 650 கோடி யூரோ. இதைப் புரிந்துகொள்ளக் கணக்கியல் எதற்கு? பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்கத் தெரிந்தால் போதும். மெத்தப் படித்த இயக்குநர்கள் அதைக் கேட்டு விடாப்பிடியாக நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

உங்கள் மாதப் பென்ஷன் இதனால் குறையாது. அது பணிக்காலத்தையும் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஸ்டெய்ன்ஹாஃப் பங்குகளை வாங்கி வைத்திருந்த நிதியின் தலையில்தான் இழப்பு விழுந்தது.

அடுத்து ரோஜர் லோவன்ஸ்டைனின் 'வென் ஜீனியஸ் ஃபெயில்ட்'. இதில் திருட்டே கிடையாது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. நோபல் பரிசு பெற்ற இருவர் பங்காளிகளாக இருந்த அமெரிக்க முதலீட்டு நிதியம், 500 கோடி டாலருக்கும் குறைவான மூலதனத்தை வைத்துக்கொண்டு 12,000 கோடிக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தது. அந்த அதிர்ச்சியில் நிதியத்தின் கணிப்புகள் பொய்த்துப்போக, அடுத்த மாதமே 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 360 கோடி டாலர் போட்டு அந்த நிதியத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பத்து டாலர் நஷ்டத்தையும் இருநூறாக்கிவிடும் கடனின் வேகத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல் நான் படித்தவற்றில் வேறில்லை.

'பார்பேரியன்ஸ் அட் த கேட்' பிறகு ஆகட்டும். 1988-இல் ஓர் அமெரிக்கப் புகையிலை, பிஸ்கட் நிறுவனத்தை வாங்க நடந்த ஏலப்போர் அது. பங்குக்கு 75 டாலரில் தொடங்கி 109-இல் முடிந்தது. தடித்த புத்தகம், பெயர்கள் ஏராளம். ஒரு தாளில் குறித்துக்கொண்டே படியுங்கள்.

'ஸ்டெய்ன்ஹைஸ்ட்' முடித்ததும் எழுதுங்கள். அந்த இயக்குநர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்