லம்போர்கினி மர்சால்: கண்ணாடியும் அறுகோணமும்

உற்பத்திக்கு வராமல் மாதிரி வாகனமாகவே நின்றுவிட்ட கிராண்ட் டூரிங் கார்களில் (நெடுந்தூரப் பயணத்துக்கான வேகமும் வசதியும் கொண்ட கார்கள்) எதன் வடிவமைப்பு உங்களைக் கவர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், 1967 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனமான பெர்தோனே காட்சிக்கு வைத்த லம்போர்கினி மர்சால். செய்யப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதை வடிவமைத்த மார்செல்லோ காந்தினிக்கு அப்போது வயது 28.

பல ஆண்டுகளாகப் புகைப்படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதன் கதவுகளைத்தான். இறக்கை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் அக்கதவில், நடுவே ஓடும் பட்டையைத் தவிர, மேலும் கீழும் கண்ணாடியே இருக்கிறது. இதனால் உள்ளே இருக்கும் வெள்ளி நிற இருக்கைகள் வெளித்தோற்றத்தின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன. அமர்ந்திருக்கும் பெண்களின் கால்கள் வெளியே தெரியுமே என்று லம்போர்கினி நிறுவனர் ஃபெருச்சியோ லம்போர்கினி ஆட்சேபித்ததாகச் சொல்வார்கள். பயணிப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான குறைதான். ஆனால் அந்தக் கீழ்க்கண்ணாடியை எடுத்துவிட்டால் காரின் எடையற்ற தோற்றமும் போய்விடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது அறுகோணம். பின்புறத்தை மூடும் தடுப்புச் சட்டங்களில் தொடங்கும் அவ்வடிவம், உள்ளே டாஷ்போர்டில் தேனடையின் அறைகளைப் போல அடுக்கடுக்காக மீண்டும் வருகிறது. ஒரே வடிவத்தை இத்தனை இடங்களில் கையாண்டும் சலிப்புத் தட்டாததற்குக் காரணம், வெளிப்புறத் தகடுகளில் வேறு அலங்காரம் எதையும் காந்தினி சேர்க்காமல் விட்டதே.

இவ்வளவு தாழ்ந்த காரில், அதாவது ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் உயரத்துக்குள், நான்கு பேர் அமர இடம் கிடைத்தது இயந்திர அமைப்பினால்தான். லம்போர்கினியின் விளையாட்டுக் காரான மியூராவின் 12 சிலிண்டர் இன்ஜினில் பாதியை மட்டும் எடுத்து, 2 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினைப் பின் அச்சுக்கும் பின்னால் குறுக்காக வைத்தார்கள். முன்னால் இன்ஜின் இல்லாததால் பானெட் தட்டையாகச் சரிந்து, ஆறு விளக்குகளை வரிசையாகத் தாங்கிய மெல்லிய பட்டையில் முடிகிறது.

1968இல் வந்த லம்போர்கினி எஸ்பாடா கார் இதன் வாரிசு. அதில் இன்ஜின் முன்னால் போனது, கதவுகள் வழக்கமான தகட்டுக் கதவுகளாயின. அதுவும் அழகான காரே. ஆயினும், 1967 மொனாக்கோ கார் பந்தயத்துக்கு முன் அந்நாட்டு இளவரசர் ரெய்னியர், தன் மனைவி இளவரசி கிரேஸை அருகில் அமர்த்தி மர்சாலை ஓட்டிச் சென்ற படங்களைப் பார்க்கும்போது, என் கண் முதலில் போவது அந்தக் கீழ்க்கண்ணாடிக்குத்தான்.