உப்புக் கரைசலை வடிகட்டினால் உப்பு ஏன் தாளில் தங்குவதில்லை? அதை எப்படித் திரும்பப் பெறுவது?

மணல் வடிதாளில் தங்கிவிடும், ஏனென்றால் அது கரையவில்லை. உப்போ சோடியம், குளோரைடு அயனிகளாக (மின்சுமை கொண்ட மிக நுண்ணிய துகள்களாக) பிரிந்து நீர் மூலக்கூறுகளுக்கிடையே பரவிவிடுகிறது. தாளின் துளைகள் அவற்றுக்கு அகலத் திறந்த வாசல்கள். எத்தனை முறை வடித்தாலும் கீழே விழுவது உப்புநீர்தான்.

எனவே உப்பைப் பிடிக்க முயலாமல் நீரை வெளியேற்றுங்கள். ஆழமில்லாத தட்டில் கரைசலை ஊற்றி, வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள். அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைத்தான் கரைத்து வைத்திருக்கும். நீர் குறையக் குறைய, மிஞ்சிய உப்பு வெளியே வந்தாக வேண்டும். பெரும்பாலும் தட்டின் விளிம்பில்தான் முதலில் வெள்ளைக் கோடு படியும். மெதுவாக ஆவியானால் கனசதுரப் படிகங்கள் வளரும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவற்றின் கூர்மையான மூலைகள் அழகாகத் தெரியும். அடுப்பில் அவசரமாக வற்றவைத்தால் பொடிதான் கிடைக்கும். கடைசி நேரத்தில் சூடாகத் தெறிக்கவும் செய்யும் என்பதால், குழந்தைகளுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்க்கரைக்கு அடுப்பு அறவே ஆகாது. நீர் வற்றியதும் அது பழுப்பாகிக் கருகிவிடும். கருகியது சர்க்கரையே அல்ல.

நீரும் வேண்டுமென்றால் ஆவியைக் குளிரவைத்துச் சேகரிக்க வேண்டும். அதுதான் காய்ச்சி வடித்தல்.