கேளுங்கள், சொல்கிறேன்: தசைச் செல்லின் வரவு செலவு

கேள்வி: டாக்டர், இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் கட்டையாக விறைத்துப்போகிறதே, ஏன்? உயிர் போனால் தசை தளர்ந்துதானே போக வேண்டும்?

பதில்: முதலில் தளரத்தான் செய்கிறது. தாடை தொங்கும், கை துவளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் கண் இமை, தாடை, கழுத்து என்று சின்னத் தசைகளில் விறைப்பு தெரிய ஆரம்பிக்கும். சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். உடலியங்கியல் வகுப்பில் நான் தசைப் பாடத்தை ஆரம்பிப்பதே இந்தக் கேள்வியில்தான். பதில் தெரிந்தால் தசை பாதி புரிந்த மாதிரி.

எலும்பை அசைக்கும் தசையின் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால், செல் என்றே நம்பமாட்டீர்கள். அது ஒரு நீள இழை. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. நீளமோ பல சென்டிமீட்டர் போகும். கருவில் பல செல்கள் ஒன்றாகக் கலந்து உருவானது என்பதால், ஒரே இழையில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். குறுக்கே வரிவரியாகக் கோடுகள். அந்த வரிகளை உண்டாக்கும் அடிப்படை அலகுதான் சார்கோமியர். ஓய்வில் அதன் நீளம் ஏறக்குறைய 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 செ.மீ. இழையில் 40,000 சார்கோமியர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரை மைக்ரான் குறுகினால் போதும், இழை 2 செ.மீ. குறுகிவிடும். இமை கொட்டுவதும் மூட்டை தூக்குவதும் இந்த அரை மைக்ரான்களின் கூட்டுத்தொகைதான்.

சார்கோமியருக்குள் மயோசின் என்ற புரதத்தின் தடித்த இழைகளும் ஆக்டின் என்ற புரதத்தின் மெல்லிய இழைகளும் இடையிடையே செருகி இருக்கின்றன. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும், செல்லுக்குள் ஓர் அறையில் அடைத்துவைத்திருந்த கால்சியம் அந்த அறையைவிட்டு வெளியே பாயும். ஆக்டினின் மேல் இருக்கும் மறைப்பு விலகும். மயோசினின் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கும், விடும், அடுத்த இடத்தைப் பிடிக்கும். கை மாற்றி மாற்றிக் கயிறு இழுப்பது போலத்தான். இந்தப் புரத இழைகள் எதுவும் சுருங்குவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன, அவ்வளவுதான். இதை 1954-இல் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கவும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் சொந்தபந்தம் கிடையாது. பரீட்சையில் அண்ணன் தம்பி என்று எழுதாத மாணவர் குறைவு.

இப்போது விறைப்புக்கு வருவோம். பிடித்த தலை பிடியை விட வேண்டுமானால் செல்லுக்கு ஆற்றல் தரும் எரிபொருளான ஏடிபியின் மூலக்கூறு ஒன்று புதிதாக வந்து அதில் ஒட்ட வேண்டும். கால்சியத்தை மறுபடி அறைக்குள் இறைத்து அடைக்கவும் ஏடிபிதான். தளர்வது சும்மா நடக்கும் காரியம் என்று நினைக்கிறோம். அதற்கும் செல் காசு கொடுத்தாக வேண்டும். மூச்சு நின்றபின் கையிருப்பு ஏடிபி கொஞ்ச நேரத்தில் தீர்கிறது. கால்சியம் கசிகிறது. தலைகள் ஆக்டினைப் பிடிக்கின்றன, விட வழியில்லை. ஓரிரு நாளில் அந்தப் புரதங்களே சிதையத் தொடங்கும்போதுதான் உடம்பு மறுபடி தளர்கிறது.

கேள்வி: அப்படியானால் பாதி ராத்திரியில் கெண்டைக்கால் கல் மாதிரி பிடித்துக்கொள்வதும் ஏடிபி தீர்ந்துபோவதால்தானா?

பதில்: இல்லை, பயப்படாதீர்கள். அங்கே தசையில் இருப்பு குறையவில்லை. அதற்கு வரும் நரம்பு விடாமல் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கிறது. உடனடி வைத்தியம்: முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கமாக மடக்கிச் சில நொடிகள் பிடியுங்கள். தசை நீளும்போது அந்த நரம்பு அடங்கும். வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்கு மக்னீசியம் மாத்திரை பெரிதாக உதவுவதாகச் சோதனைகளில் தெரியவில்லை, அதனால் நான் எழுதித் தருவதில்லை. ஒரு காலில் மட்டும் வலி விடாமல் இருந்து, வீக்கமும் சூடும் சேர்ந்தால் அது வேறு விஷயம். இரத்தக் கட்டியாக இருக்கலாம். தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 67. இனிமேல் எடை தூக்கினால் புதுத் தசைச் செல்கள் முளைக்குமா? மகன் கேலி செய்கிறான்.

பதில்: செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடாது; இருக்கிற இழைதான் தடிக்கும். முதல் சில வாரங்களில் தடிப்பதும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வலு கூடும். காரணம், நரம்பு மண்டலம் அதிக இழைகளை ஒருசேர வேலைக்கு அழைக்கப் பழகுகிறது. இழையின் மேல் ஒட்டிக்கொண்டு தூங்கும் துணைச் செல்கள் சில உண்டு. அலெக்சாண்டர் மௌரோ 1961-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டவை. இழை காயப்பட்டால் இவை விழித்துப் பெருகி, அதோடு இணைந்து புது உட்கருக்களைத் தரும். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் 90 வயதை ஒட்டிய, தளர்ந்துபோன முதியவர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்து கால் வலுவைக் கணிசமாகக் கூட்டிக்கொண்டார்கள். மகனிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, லேசான எடையில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: இதயத் தசை ஏன் களைப்பதில்லை?

பதில்: நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. இருந்தும் களைக்காததற்குக் காரணம், அது துடிப்புக்குத் துடிப்பு ஓய்வெடுக்கிறது. சுருங்கும் நேரத்தைவிடத் தளரும் நேரம் அதிகம். இடது கீழறையின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அந்தத் தளர்ச்சியில்தான் போய்ச் சேருகிறது. இதயச் செல் கிளைவிட்ட குட்டைச் செல். உட்கரு ஒன்றோ இரண்டோ. அதன் கன அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கே போய்விடுகிறது. ஏடிபிக்குப் பஞ்சமே வராது, ஆக்சிஜன் வரும்வரை. ஒரு தடவை தூண்டப்பட்டால் சுமார் கால் நொடிக்கு இன்னொரு தூண்டலை ஏற்காது. கெண்டைக்கால் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ள இடமே கொடுக்காது. குறை ஒன்றுதான்: புதுப்பித்துக்கொள்வதில் மகா சோம்பேறி. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் கணக்கிட்டார்கள்: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதச் செல்கள், 75-இல் அதில் பாதிக்கும் குறைவு. மாரடைப்பில் போன செல் போனதுதான். அந்த இடத்தில் தழும்புதான் வரும்.

கேள்வி: குளிரில் மயிர்க்கூச்செறிவதும் தசை வேலையா?

பதில்: ஆமாம். ஏறக்குறைய ஒவ்வொரு முடியின் வேரிலும் ஒரு துளி மென்தசை. வரிகள் கிடையாது, உங்கள் சொல்லையும் கேட்காது. வேண்டுமானால் இப்போது கையைப் பார்த்து உத்தரவு போட்டுப் பாருங்கள்.