ஃபேமிகாமுக்குச் சொந்தக் கேட்ரிட்ஜ்

கேள்வி: ஐயா, நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் கருவியான ஃபேமிகாம் கன்சோலுக்காக என் மகன் எழுதியுள்ள விளையாட்டை, அதில் செருகும் கேட்ரிட்ஜில் பதிப்பது எப்படி?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உங்கள் மகனுக்கு என் மனமார்ந்த பாராட்டு. நிரல் 32 கிலோபைட்டுக்குள்ளும் படங்கள் 8 கிலோபைட்டுக்குள்ளும் அடங்கினால், அதே அளவுள்ள எளிய வகையைச் சேர்ந்த மலிவான 60 முனைக் கேட்ரிட்ஜ் ஒன்றின் ரோம் சில்லுகளை (பழைய ஆட்டம் நிலையாகப் பதிந்துள்ள நினைவகச் சில்லுகள்) கழற்றிவிட்டு, உங்கள் மகனின் விளையாட்டைப் பதிந்த ஈப்ராம் சில்லுகளை (அழித்து மீண்டும் பதியக்கூடிய நினைவகச் சில்லுகள்) அங்கே ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். பழைய ரோமின் கால் வரிசை ஈப்ராமோடு முழுவதும் ஒத்துப்போகாது என்பதால், சில கால்களை நிமிர்த்திச் சிறு கம்பிகளால் இணைக்க நேரும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். ஈப்ராம் சில்லின் கண்ணாடிச் சாளரத்தை ஒட்டுத்தாளால் மூடுங்கள். புற ஊதா ஒளி பட்டால் பதிவு அழிந்துவிடும். நம் நாட்டின் பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறைக்கான கன்சோல்கள் நொடிக்கு 50 படங்களே காட்டுவதால், 60க்கு எழுதிய ஆட்டமும் இசையும் மந்தமாகும். அந்த வேகத்தை நிரலிலேயே திருத்தச் சொல்லுங்கள்.