மாடி போர்ஷன் யாருக்கு?

கேள்வி: 2022-இல் போர் மூண்டதும் உக்ரைன் அகதிகளுக்கு பிரிட்டன் மக்கள் தங்கள் வீட்டிலேயே தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள். சென்னைவாசிகளுக்கு அந்த மனசு வருமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மனசு இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோமே. அடையாறு கரை மீறிய இரவில் முன்பின் தெரியாதவர்களைக் கூடத்தில் படுக்கவைத்து, மிச்சமிருந்த கேஸில் அத்தனை பேருக்கும் உப்புமா கிண்டிப் போட்ட வீடுகள் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் உண்டு. பள்ளிவாசல்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்தன. ஆனால் தண்ணீர் வடிந்ததும் வந்தவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். திரும்பிப் போக வீடே இல்லாதவர் வந்து நின்றால்தான் நமக்குச் சோதனை.

தற்காலிகம் என்றுதான் 1983-இலும் சொன்னோம். இலங்கையின் ஜூலைக் கலவரத்துக்குத் தப்பி, படகேறி இங்கே வந்து இறங்கியவர்கள் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் முகாம் அறைகளிலேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றிய அரசு, புது வீடுகளும் கட்டித் தருகிறது. பாராட்டுகிறேன். முகாமுக்கு வெளியே சொந்தக் காசில் வாடகை வீடு தேடியவர்களை நாம் என்ன செய்தோம்?

ராஜீவ் காந்தி கொலைக்குப் பிந்தைய ஆண்டுகளில், வளசரவாக்கத்தில் வீடு பார்க்க ஒரு குடும்பத்துடன் நானும் போனேன். வீட்டுக்கார அம்மாள் சமையலறையைக் காட்டினார், குழாயைத் திறந்து தண்ணீர் வருவதையும் காட்டினார். "ஓம், வடிவான வீடு" என்றாள் வந்த பெண். "சிலோனா?" என்று கேட்ட அம்மாள், வீட்டைத் தங்கை மகனுக்குப் பேசியாகிவிட்டது என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வாடகைக்கு விடப்படும் என்ற பலகை அடுத்த மாதமும் வாசலில் தொங்கியது.

அவர் கெட்டவர் இல்லை. போலீஸ் வீட்டுப் படியேறுமே என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது அரசு. பிரிட்டனில் வெறும் மனசை நம்பி விட்டுவிடவில்லை. உள்ளாட்சி ஆட்கள் வந்து வீட்டைப் பார்த்தார்கள். குறைந்தது ஆறு மாதமாவது இடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரருக்கு மாதம் 350 பவுண்டு கொடுத்தார்கள். இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டமே கிடையாது, 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடு என்ற விதி மட்டும் இருக்கிறது.

ஆகவே, சும்மா இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாடி போர்ஷனை வாடகைக்குக் கொடுங்கள் என்கிறேன். பத்து மாத அட்வான்ஸ் கேட்காதீர்கள். இதை நான் எழுதி எழுதி வாசகர்களுக்குச் சலித்திருக்கலாம், எனக்குச் சலிக்கவில்லை. உடுத்த துணியோடு வந்தவர் லட்சக்கணக்கில் எங்கிருந்து எண்ணி வைப்பார்? 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தடையில்லை என்று ஓட்டையும் விட்டிருக்கிறது. சாவி வைத்திருப்பவரிடம், இரவு படுக்க இடமில்லாதவர் என்ன பேரம் பேச முடியும்? அந்த ஓட்டையை அடைக்கும்வரை வீட்டுவசதித் துறையை இந்தப் பக்கத்தில் நான் விடப்போவதில்லை.