எச்.எம்.எஸ். கனோபஸ்: 12 நாட்டா, 18 நாட்டா?

பிரிட்டிஷ் போர்க்கப்பலான கனோபஸின் பணிக்கால அட்டவணையில் வேகத்தை எப்படிப் போடுவது, சேற்றில் உட்கார்ந்திருந்த கப்பல் தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லந்துத் தீவுகளில் எப்படிச் சுட்டது என்று கேட்டிருந்தீர்கள்.

வேகத்துக்கு ஒரே எண்ணைப் போடாதீர்கள். 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) என்பது 1899இல் பணியில் சேர்ந்தபோதிருந்த வடிவமைப்பு வேகம். 12 நாட் என்பது 1914 அக்டோபரில் தலைமைப் பொறியாளர் கொடுத்த அறிக்கை. அது மிகைப்படுத்தியது, எஞ்சின்கள் 15, 16 நாட் தரக்கூடிய நிலையில்தான் இருந்தன. ஆனால் அந்த உண்மை படைப்பிரிவுத் தளபதி கிராடக்குக்குப் போய்ச் சேரவில்லை. 12ஐ நம்பித்தான் அவர் கனோபஸை நிலக்கரிக் கப்பல்களுக்குக் காவலாக விட்டுவிட்டு முன்னே போனார். நவம்பர் 1, சிலி கரையருகே ஜெர்மன் கப்பல்களுடன் நடந்த கொரொனெல் சண்டையின்போது கனோபஸ் சுமார் 300 மைல் தெற்கே இருந்தது. ஆகவே மூன்று எண்களையும் தேதியோடு தனித்தனியாகப் போடுங்கள். என் பார்வையில் இந்தக் கப்பலின் வரலாற்றிலேயே முக்கியமான தகவல் இதுதான்.

ஃபாக்லந்து: ஸ்டான்லி துறைமுகத்தில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்து, சிறு பீரங்கிகள் சிலவற்றைக் கரையில் இறக்கினார்கள். குன்று மறைத்ததால் கப்பலிலிருந்து எதிரி தெரியாது. குன்றின் மேல் கண்காணிப்பாளரை வைத்துத் தொலைபேசியில் இலக்கின் நிலையைச் சொல்ல வைத்தார்கள். டிசம்பர் 8 காலை 12 அங்குலப் பீரங்கிகளின் முதல் வரிசைக் குண்டுகள் இலக்கை எட்டவில்லை. பின் பீரங்கிக் கோபுரத்தில் பயிற்சிக்காக ஏற்கெனவே வெடிக்காத குண்டு ஏற்றியிருந்தது. அதுதான் தண்ணீரில் பட்டுத் தெறித்து ஜெர்மன் கப்பல் க்னெய்செனாவின் புகைபோக்கியருகே தாக்கியது.

1905 பதிவையும் சேருங்கள்: சீன நிலையத்துக்கு (பிரிட்டனின் கிழக்காசியக் கடற்படைப் பிரிவு) கிளம்பிய கப்பல் கொழும்பிலேயே திருப்பி அழைக்கப்பட்டது.