ஆறாத புண்ணில் கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்தால் ஆன்டிபயாடிக் அவசியமா?

ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நாள்பட்ட புண்ணைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் ஏதாவது ஒரு பாக்டீரியா வளரத்தான் செய்யும். அது சும்மா குடியிருக்கிறதா, திசுவைத் தாக்குகிறதா என்பதுதான் கேள்வி. சுற்றிலும் சிவந்து சூடாக வீங்குவது, வலி கூடுவது, சீழ், காய்ச்சல் எல்லாம் தொற்றின் அடையாளங்கள். (சர்க்கரை நோயில் நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாமலும் போகலாம், கவனம்.)

சரி, தொற்றே என்றாலும் மாத்திரை மட்டும் ஏன் பல நேரம் போதுவதில்லை? பாக்டீரியாக்கள் கூட்டாகச் சேர்ந்து வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொள்கின்றன, பயோஃபிலிம் என்பார்கள். மருந்து அதற்குள் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் செத்த திசுவைச் சுரண்டி எடுக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலேயே, பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், கண்ணாடிக் குழாயில் முள் போன்ற நீட்சிகள் வைத்துப் போலிப் புண் செய்து, கிருமிநாசினி அந்த இடுக்குகளுக்குள் எட்டுவதில்லை என்று காட்டினார்.